செட்டுக்கு நடுவே செல்போன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடற்பயிற்சிக் கூடங்களில் செல்போனை அரசே தடை செய்ய வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அண்ணன் மகன் தினமும் இரண்டு மணி நேரம் ஜிம்மில் இருந்துவிட்டு வருகிறானாம், உடம்பில் ஒன்றும் ஏறவில்லையாம், போய்ப் பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறானாம். அவர் ஆதங்கம் நியாயம். தடை என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வேலூர் சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். இந்தப் போன் விவகாரத்தில் எது உண்மை, எது மிகை என்று தினமும் கண்ணால் பார்க்கிறவன். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டுவதானால் தாராளமாக வெட்டுங்கள். ஓய்வு பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

எங்கள் ஊருக்கு இரும்பு புதிதல்ல. சத்துவாச்சாரிக்காரரான சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில், ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 149, தோள் வரை ஏற்றிப் பிறகு மேலே தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-இல் கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். என் கூடம் அப்படிப்பட்ட வீரர்கள் வரும் இடம் இல்லை. மளிகைக் கடைக்கு மேல் மாடி, தகரக் கூரை, எடைக் கம்பியைத் தாங்கும் ஒரே ஒரு ஸ்குவாட் ரேக், இரண்டு பெஞ்ச், ஒரு வரிசை டம்பெல், ஓரத்தில் யாரும் சீண்டாத ஒரு சைக்கிள். காலை ஐந்து மணிக்கு போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன்கள் வருவார்கள். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு மணிக்கு மேல் ஆபீஸ்காரர்கள். சாயங்காலம் நர்சுகள், கல்லூரிப் பிள்ளைகள், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு, பாட்டுக் கேட்க என்று போன் உள்ளே வந்தது. 2020-இல் டிக்டாக்கைத் தடை செய்து, அதே வேகத்தில் ரீல்ஸ் வந்தபோது, அது பெஞ்சிலேயே இடம் பிடித்துக்கொண்டது.

வெளியாட்களுக்கு ஒன்று விநோதமாக இருக்கும். எடைப் பயிற்சியில் எடை தூக்கும் நேரம் ரொம்பக் கம்மி. ஒரு செட், அதாவது நிறுத்தாமல் திரும்பத் திரும்பத் தூக்கும் ஒரு சுற்று, அரை நிமிடம், மிஞ்சிப்போனால் முக்கால் நிமிடம். மிச்சமெல்லாம் ஓய்வு. ஒரு மணி நேரம் இங்கே இருப்பவன் முக்கால் மணி நேரம் சும்மாதான் நிற்கிறான். கபடி ஆடுகிறவன் கையில் போன் புக வழியில்லை. எங்களிடம் புகுந்ததற்குக் காரணம் இந்த முக்கால் மணி நேரம். ஆனால் அது வெறும் நேரம் இல்லை என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

கனமான எடையைத் தூக்கும்போது முதல் சில விநாடிகளுக்குத் தசை செலவழிப்பது கிரியேட்டின் பாஸ்பேட் என்ற கையிருப்பை. முழுமூச்சாகப் பத்து விநாடி தூக்கினாலே அது பெரும்பாலும் காலி. நிறுத்தியதும் திரும்ப நிரம்பத் தொடங்கும். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் பாதி வந்துவிடும். முழுசாக வர மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதனால்தான் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஸ்குவாட் (எடையைத் தோளில் ஏந்தி உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளுவது) போன்ற பெரிய பயிற்சிகளைக் கனமாகச் செய்தால் நடுவில் இரண்டு மூன்று நிமிடமும், சின்னப் பயிற்சிகளுக்கு ஒன்றிரண்டு நிமிடமும் ஓய்வு விடச் சொன்னார்கள். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர் பிராட் ஷான்ஃபீல்ட் குழுவினர், ஏற்கெனவே பயிற்சியில் இருந்த இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிட ஓய்வும் மறு பக்கத்துக்கு மூன்று நிமிட ஓய்வும் கொடுத்து எட்டு வாரம் பார்த்தார்கள். மூன்று நிமிடம் நின்றவர்களுக்குத்தான் பலம் கூடுதலாக ஏறியது.

ஆகவே, ‘போனைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்காருகிறான், அதனால்தான் உடம்பு ஏறவில்லை’ என்று சொன்னால் அது பாதிக் கதை. மூன்று நிமிடம் உட்காருவதால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த மூன்று எத்தனை ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, சங்கடம் அங்கேதான். ஒருநாள் சாயங்காலம் நோட்டை வைத்துக்கொண்டு ஒரு பையனைச் சத்தமில்லாமல் கவனித்தேன். பெஞ்ச் பிரஸ் முதல் செட் முடிந்ததும் தொடையில் இருந்த போனை எடுத்தான். எட்டு நிமிடம். இரண்டாவது செட்டுக்குப் பிறகு யாரோ ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள், சிரித்துக்கொண்டே பதில் அடித்தான், பதினொரு நிமிடம். மூன்றாவதுக்குப் பிறகு என்ன தோன்றியதோ, அரை நிமிடத்தில் எழுந்து படுத்துவிட்டான்; பாதியில் பார், அதாவது எடைக் கம்பி, நின்றது. கேட்டால், ‘ரெண்டு நிமிஷம்தான் மாஸ்டர் ரெஸ்ட் எடுத்தேன்’ என்பான். பொய் சொல்வதில்லை. அவனுக்கு உண்மையாகவே எல்லாம் இரண்டு நிமிடமாகத்தான் தெரிகிறது.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றிலும் நான்கு செட் என்றால் இருபது செட். நடுவில் இரண்டு நிமிடம் விட்டால் ஓய்வு நாற்பது நிமிடம், தூக்குவது ஒரு பதினைந்து நிமிடம், ஒரு மணிக்குள் வீட்டுக்குப் போகலாம். அதுவே ஆறு நிமிடமானால் இரண்டு மணிக்கு மேல். அவ்வளவு நேரம் எவனுக்கும் இல்லை. எனவே பட்டியலின் கடைசியில் இருப்பதை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். கடைசியில் இருப்பது எப்போதும் கால், இல்லையென்றால் முதுகு. மார்பும் கையும் முதலிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் கண்ணாடியில் தெரிவது அதுதான். ‘இன்னைக்கு லெக்கு நாளைக்குப் பாத்துக்கலாம் மாஸ்டர்’ என்ற வாக்கியத்தை இந்தக் கூரைக்குக் கீழே நான் கேட்காத வாரம் கிடையாது. மேலே அகலமாகவும் கீழே குச்சியாகவும் நடமாடும் இளைஞர்களைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். அதில் போனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

பளுதூக்கும் போட்டிக்குப் போய் வந்தவர்களுக்கு ஓய்வின் அருமை தெரியும். மேடையில் பெயர் கூப்பிட்டதும் ஒரு நிமிடம் ஓடத் தொடங்கும்; அதற்குள் பாரைத் தரையிலிருந்து கிளப்பியாக வேண்டும். அரை நிமிடம் இருக்கும்போது எச்சரிக்கை மணி அடிக்கும். ஒருவரே அடுத்தடுத்துத் தூக்க நேர்ந்தால் இரண்டு நிமிடம். உள்ளே வார்ம்-அப் அறையில் பயிற்சியாளர் விரலை மடக்கிக்கொண்டே நிற்பார்: நமக்கு முன்னால் எத்தனை பேர், அவர்களுக்கு இன்னும் எத்தனை முயற்சி மிச்சம், யார் எடையைக் கூட்டிக் கேட்டிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் நம் ஆளுக்கு அடுத்த வார்ம்-அப் எடை எப்போது என்று சொல்வார். காத்திருப்பு நீண்டுவிட்டால் உடம்பு ஆறிவிடும் என்று நடுவில் லேசாக ஒன்று தூக்க வைப்பார். நான் இளவயதில் மாவட்ட அளவில் தூக்கியவன், அதற்கு மேல் போகவில்லை. என் மாஸ்டர் செட்டுக்கு நடுவில் உட்காரவே விடமாட்டார். ‘நட, தண்ணி குடி, அடுத்த பிளேட்ட எடுத்து வை’ என்று விரட்டிக்கொண்டே இருப்பார். பேசலாம், கிண்டல் பண்ணலாம், ஆனால் கண் பாரை விட்டுப் போகக் கூடாது.

சரி, நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கட்டுப்படுத்திவிட்டால் போன் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கே வியப்பாக இருந்த விஷயம்.

தோல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறவர், நாற்பதைத் தாண்டியவர், ஒழுங்கான ஆள். ஸ்குவாட்டில் 80 கிலோ, எட்டு எட்டாக மூன்று செட் அவருக்குப் பழக்கமான வேலை. அன்றைக்கு இரண்டு செட் சுத்தமாகப் போட்டார். ரேக்கில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தார். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஏதோ சரக்கு திரும்பி வந்திருக்கிறது, யார் பொறுப்பு என்று மேலிடம் கேட்டிருக்கிறது. அவர் பதில் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். முகம் மாறியதை நான் பார்த்தேன். நிமிடம் நான்கு ஆகியிருக்கும், அதாவது உடம்புக்கு வேண்டிய ஓய்வு தாராளமாகக் கிடைத்துவிட்டது. மூன்றாவது செட்டுக்குப் பாரின் கீழே போனார். நாலு போட்டார். ஐந்தாவதுக்கு இறங்கியவர் எழவில்லை. பக்கத்துக் கம்பிகளில் பாரை இறக்கிவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்தார்: “இன்னா மாஸ்டர், வெயிட்ட ஏத்திட்டீங்களா?” இரண்டு பக்கமும் பிளேட்டை எண்ணிப் பார்த்தார். 80 தான் இருந்தது.

என் மகள் பிசியோதெரபி படிக்கிறாள். இதைச் சொன்னதும், “இதுக்கு ஆராய்ச்சியே இருக்குப்பா” என்று தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டது. எடைப் பயிற்சிப் பழக்கம் உள்ளவர்களை ஒருநாள் அரை மணி நேரம் போனில் சமூக ஊடகம் பார்க்கவிட்டு ஸ்குவாட் செய்யச் சொன்னார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களை அரை மணி நேரம் ஆவணப்படம் பார்க்கவிட்டு, அதே எடையில் முடிந்தவரை செய்யச் சொன்னார்கள். போன் பார்த்த நாளில் அவர்கள் தூக்கிய மொத்த அளவு குறைந்துவிட்டது. இரண்டு நாளும் உட்கார்ந்துதான் இருந்தார்கள், இரண்டு நாளும் திரையைத்தான் பார்த்தார்கள். மூளை அலுத்திருந்தால், அதே எடை கூடுதல் பாரமாகத் தோன்றி, ‘போதும்’ என்ற முடிவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

மகள் ஒரு திருத்தமும் சொன்னாள். ஒரே ஒரு முறை முழுப் பலத்தையும் திரட்டித் தூக்குவதை மூளைக் களைப்பு அவ்வளவாகத் தொடுவதில்லையாம். திரும்பத் திரும்பச் செய்வதில்தான் அது கை வைக்கிறது. எனக்கு இது பொருந்தியே தெரிகிறது. நம் கூடங்களுக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சாதனை எடை தூக்க வருவதில்லை; உடம்பு ஏற வேண்டும், தொப்பை குறைய வேண்டும், முட்டி வலி போக வேண்டும் என்று வருகிறார்கள். அவர்களுக்கு வேலை செய்வதெல்லாம் செட்டின் கடைசி இரண்டு மூன்று ரெப்கள், அதாவது கடைசி இரண்டு மூன்று முறை தூக்குவது. அதைத்தான் வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டு போகிறது. அதே சூப்பர்வைசர் அதே நான்கு நிமிடம் பக்கத்து ஆளிடம் கிரிக்கெட் பேசியிருந்தால் எட்டும் போட்டிருப்பார் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

மிகையாகச் சொல்லப்படுவதையும் சொல்லிவிடுகிறேன். குனிந்து போன் பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உறுப்பினர் ஒருவர் அதைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து சுவரில் ஒட்டச் சொன்னார். அது 2014-இல் ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர் தலையை 60 டிகிரி சாய்த்தால் என்ன ஆகும் என்று கணினி மாதிரியில் போட்ட கணக்கு, ஆட்களின் கழுத்தில் அளந்ததில்லை என்று மகள் சொன்னாள். படம் ஒட்டப்படவில்லை. கழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இரண்டு செட்டுக்கு நடுவே முதுகைக் கூனி உட்கார்ந்திருந்தவன், எழுந்து, தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்டுக்குக் குனியும்போது அதே கூனோடுதான் குனிகிறான். ‘நெஞ்ச நிமித்து’ என்று கத்தித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

பாட்டு விஷயத்திலும் நான் போன் கட்சி. அமெரிக்காவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை டிரெட்மில்லில் ஏற்றி, போனில் பாட்டுக் கேட்டால், பேசினால், குறுஞ்செய்தி அடித்தால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறார்கள். பாட்டுக் கேட்டவர்கள் வேகமாகப் போனார்கள். பேசியவர்களும் செய்தி அடித்தவர்களும் வேகம் குறைந்தார்கள். அதனால் எங்கள் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். என்ன பாட்டு என்பதில் காலை பேட்சுக்கும் சாயங்கால பேட்சுக்கும் தீராத வழக்கு உண்டு, நான் தலையிடுவதில்லை.

காதில் பட்ஸ் மாட்டிக்கொள்வதை மட்டும் நிறுத்தினேன். காரணம் இருக்கிறது. பெஞ்ச் பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டவனைப் பார்த்திருக்கிறீர்களா? கத்த மாட்டான். பார் நெஞ்சின் மேல் இருக்கும்போது குரல் வராது. ஒரு முனகல்தான் வரும். அப்படி ஒரு பையன் மாட்டினான். அவனைச் சுற்றி எட்டடி தூரத்துக்குள் மூன்று பேர் இருந்தார்கள், மூன்று பேர் காதிலும் பட்ஸ், ஒருவனுக்கு முதுகு இந்தப் பக்கம். நான் கீழே படிக்கட்டில் யாரிடமோ கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தேன். அவனே ஒரு பக்கம் சாய்த்தான். பிளேட்டுகள் சரிந்து தரையில் விழுந்த சத்தத்துக்குத்தான் எல்லோரும் திரும்பினார்கள். நல்லவேளையாக அவன் பாருக்குக் கிளிப் போடவில்லை. தனியாக பெஞ்ச் அடிப்பவர்கள் கிளிப் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். கிளிப் இருந்திருந்தால் சாய்த்தும் பிளேட் கழன்றிருக்காது. ‘ப்ரோ, கொஞ்சம் சப்போர்ட் குடுங்க’ என்று பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுவது நம் ஜிம்களின் பழைய வழக்கம். காதை அடைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறவனைக் கூப்பிடப் புதுப் பையன்களுக்குக் கூச்சம். தொந்தரவு செய்கிறோமோ என்று நினைத்துத் தனியாகப் படுத்துவிடுகிறார்கள்.

கேமராவைப் பற்றி இரண்டு பக்கமும் பேச வேண்டும். ஸ்குவாட்டில் இடுப்பு முட்டிக்குக் கீழே போகிறதா என்று செய்கிறவனுக்குத் தெரியாது. போயிற்று என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பக்கவாட்டில் போனை நிறுத்தி எடுத்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள். முட்டி உள்ளே மடங்குவது, டெட்லிஃப்டில் பார் காலை விட்டு விலகுவது, எல்லாம் பளிச்சென்று தெரியும். என் மாஸ்டருக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால் அவர் தொண்டை பாதி பிழைத்திருக்கும். ஆனால் சாயங்காலம் பெண்கள் வரும் நேரத்தில் யாரோ ஒருவர் தன் புஜத்தைப் படம் பிடிக்க, பின்னால் தரையில் படுத்துப் பயிற்சி செய்யும் பெண்ணும் அதில் வந்துவிடுகிறார். அப்படி ஒரு பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அவருடன் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் காரணத்தைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு படம் எடுப்பதானால் சுவர்ப் பக்கம் பார்த்து, என்னிடம் சொல்லிவிட்டு. சாயங்காலம் அதுவும் கிடையாது.

தடை ஏன் ஒத்துவராது என்றால், இங்கே வருகிறவர்கள் வாழ்க்கை போனில் இருக்கிறது. நர்சுக்கு வார்டிலிருந்து கூப்பிடுவார்கள். ஒருவர் வீட்டில் அப்பா படுத்த படுக்கை. டெலிவரி ஓட்டுகிற பையன் ஆர்டர் வந்தால் இறங்கி ஓட வேண்டும். வாசலிலேயே போனைப் பிடுங்கி வைத்தால் இவர்கள் வரவே மாட்டார்கள், வராமல் போவதைவிடப் போனோடு வருவது எவ்வளவோ மேல். அரசாணை போட்டால் அதைச் சாக்காக வைத்து யாராவது வந்து பார்வையிட்டு, பிறகு எங்களைப் போன்றவர்கள் அவர்களைக் கவனிக்க வேண்டியிருக்கும். அதை விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் செய்தது இதுதான். பழைய செருப்பு ஸ்டாண்ட் ஒன்றைத் துடைத்து, படிக்கட்டு முடியும் இடத்தில் சுவரில் ஆணியடித்து மாட்டினோம். போன் அங்கே இருக்கும், சத்தத்தோடு. மணி அடித்தால் போய் எடுக்கலாம், நின்றுகொண்டே பேசலாம். பெஞ்சுக்கும் ரேக்குக்கும் மட்டும் அது வரக் கூடாது. ரேக்குக்கு எதிரே, விநாடி முள் சிவப்பாக உள்ள ஒரு பெரிய சுவர்க் கடிகாரம். பாரை வைத்ததும் முள் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள், மூன்று சுற்று, அடுத்த செட். சின்னப் பயிற்சிக்கு ஒன்றரைச் சுற்று. அதற்குப் பக்கத்தில் நூலில் கட்டிய பேனாவோடு ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு: தேதி, பயிற்சி, எடை, எத்தனை ரெப். போனிலேயே கணக்கு எழுதும் செயலி வைத்திருக்கிறேன் என்று சிலர் வாதாடினார்கள். எழுத என்று திறந்து எழுதிவிட்டு மூடுகிறவரை நான் இதுவரை ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அனுமதி உண்டு.

போலீஸ் பேட்ச் பையன்கள் சுலபமாக ஒத்துக்கொண்டார்கள், அவர்களுக்குத் தேர்வுத் தேதி பயம் இருக்கிறது. மல்லுக்கு நின்றவர்கள் நாற்பது வயதுக்காரர்கள்தான். இளைஞர்கள்தான் போனுக்கு அடிமை என்று எழுதுகிறவர்கள் காலை ஏழரை மணிக்கு இங்கே வந்து ஒரு மேனேஜரிடமிருந்து போனை வாங்கிப் பார்க்கட்டும். இரண்டு பேர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. மற்றவர்கள் முணுமுணுத்துப் பழகிக்கொண்டார்கள். ரேக்குக்கு முன்னால் வரிசை குறைந்தது. காத்திருப்பவர்கள் சேர்ந்து செய்யத் தொடங்கினார்கள், ஒருவன் தூக்கும்போது இன்னொருவன் பின்னால் நிற்கிறான், பிளேட் மாற்றுகிறான், ‘இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு’ என்று கத்துகிறான். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

இரவு ஒன்றரை மணி வரை போன் பார்த்துவிட்டுக் காலை ஐந்துக்கு வரும் கண்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு கடிதம் ஆகும். தூங்காதவனுக்கு என் கடிகாரமும் நோட்டும் ஒன்றும் செய்யாது என்பதை மட்டும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

எனக்கு உண்மையான கோபம் என் தொழில்காரர்கள் மேல். கூடத்தைக் குறியிட்டு ரீல்ஸ் போட்டால் மாதக் கட்டணத்தில் தள்ளுபடி என்று வாசலிலேயே பலகை வைக்கிறார்கள். கண்ணாடிக்கு மேலே வட்ட விளக்கு மாட்டி ‘செல்ஃபி இடம்’ என்று எழுதுகிறார்கள். பிறகு, பசங்க போனை விட மாட்டேங்கிறான் சார் என்று என்னிடமே வந்து அலுத்துக்கொள்கிறார்கள். அதைவிட மோசம், தனிப் பயிற்சிக்கு என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்ளும் பயிற்சியாளர்கள். சொந்தக்காரர் ஒருவரை இறக்கிவிட நான் போயிருந்த ஒரு பெரிய கூடத்தில், அறுபது வயது அம்மா ஒருவர், காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் செய்துகொண்டிருந்தார். அந்த எந்திரத்தில் முட்டியை முழுக்க நீட்டிப் பூட்டக் கூடாது. அவர் ஒவ்வொரு முறையும் பூட்டினார். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார், கட்டை விரல் திரையில், வாய் மட்டும் ‘ஏழு, எட்டு, ஒன்பது’ என்று எண்ணிக்கொண்டிருந்தது. அந்த அம்மா பன்னிரண்டு செய்துவிட்டு நிறுத்தினார். இவர் பத்து என்றார்.

அரசு ஆணையைவிட, காசு கொடுக்கிறவர்கள் கேட்டாலே இதில் பாதி சரியாகிவிடும். பயிற்சியாளர் போனும் அலமாரியில்தான் இருக்க வேண்டும் என்று சேரும்போதே கேளுங்கள். சுவரில் விநாடி முள்ளோடு கடிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். போன மாதம் நான் எத்தனை கிலோ தூக்கினேன் என்று பயிற்சியாளரைக் கேளுங்கள். நோட்டைப் புரட்டிச் சொல்கிறாரா, விழிக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சூப்பர்வைசர் உங்கள் நாளிதழைத் தினமும் படிக்கிறவர்.

இப்படிக்கு,
உடற்பயிற்சிக் கூடப் பயிற்சியாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.